கதவு கேட்ட பெயர்

வியாழக்கிழமை பகல் ஒன்று ஐம்பதுக்கு வடிவு புறப்பட்டுக் கதவின் முன் வந்து நின்றாள். மூன்று மணிக்கு நேர்காணல். இடம், ஏழாம் கட்டடத்தின் கீழ்த்தளம். நடைவழி வண்டியில் போனால் இருபது நிமிடம். சான்றிதழ்கள் உறைக்குள், உறை கைப்பைக்குள். கைப்பைக்கு மேலே ஒரு காய்கறிப் பையை மடித்துப் போட்டிருந்தாள், பார்க்கிறவர்களுக்குக் கடைக்குப் போகிற மாதிரி இருக்கட்டும் என்று.

முதலில் கதவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெயில் ஐம்பத்தைந்து டிகிரியைத் தொட்ட பிறகுதான் தேரிச் செம்மண்ணின் மேல் கூரைநகர் எழும்பியது. பதினான்கு கட்டடங்கள், அத்தனைக்கும் சேர்த்து ஒரே கூரை. வீட்டுக்குள் முழுக் குளிர், நடைவழியில் அரைக் குளிர். ஒரு கதவு வீணாகத் திறந்தால் அந்த வீட்டுக் குளிர் போச்சு. அதனால் இங்கே கதவுகளுக்குச் சாவியும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. அந்தந்த வீட்டில் எது வழக்கமான போக்குவரத்து என்று கதவே பார்த்துக் கற்றுக்கொள்ளும். வழக்கமானதற்குத் திறக்கும், வழக்கமில்லாததற்கு நிற்கும். இன்னார் போகலாம், இன்னார் போகக் கூடாது என்று யாரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. விளம்பரத்திலேயே அப்படித்தான் போட்டிருந்தார்கள்: 'உங்கள் வீட்டுக்கு நாங்கள் விதி எழுதுவதில்லை.'

இந்த வீட்டில் கதவு கற்றுக்கொண்டது இது. மாமனார் பிரமநாயகம் செருப்பை மாட்டினால் திறக்கும். கணவன் நாறும்பூ கடல் மேடை வேலையிலிருந்து நாலு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவன். அவன் சும்மா காலாற எழுந்தாலே திறக்கும். வடிவு புறப்பட்டால் மட்டும் காத்திருக்கும். "போயிட்டு வாரேன் அத்தே" என்று அவள் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து அத்தை ஆவுடையம்மாள் "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் திறக்கும்.

குற்றம் சொல்வதென்றால் தன்னைத்தான் சொல்ல வேண்டும் என்று வடிவு நினைத்துக்கொள்வாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவளாகத்தான் சொல்லிக்கொண்டு போனாள். புது மருமகள் சொல்லாமல் கொள்ளாமல் படி தாண்டினால் நன்றாகவா இருக்கும்? இரண்டு வருடம் ஒருநாள் விடாமல் சொன்னாள். பிறகு ஒருநாள் அத்தை தூங்குகிறாளே என்று சத்தம் போடாமல் போகப் பார்த்தபோதுதான், தான் சொன்னது மரியாதை, கதவு எடுத்துக்கொண்டது உத்தரவு என்று தெரிந்தது.

போகிறவர்களை 'எங்கே' என்று கேட்கக் கூடாது, காரியம் கெட்டுப்போகும். அத்தையும் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. "எவ்ளோ நேரமாவும்?" என்பாள். அந்த ஒரு கேள்விக்குள் எங்கே, எதற்கு, யாரோடு எல்லாம் அடக்கம்.

இதிலிருந்து வெளியே வர ஒரு வழி உண்டு, கட்டடத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி. விடுமுறை போக இருபத்தொரு நாள் ஒரே நேரத்துக்குப் போய் வந்துவிட்டால் அது வழக்கமாகிவிடும். அப்புறம் கதவு யார் வாயையும் பார்க்காது. ஆனால் வீட்டு மருமகள் இருபத்தொரு நாள் ஒரே நேரத்துக்கு எங்கே போவாள்? வேலை ஒன்றுதான் வழி. இந்த வருடம் அந்தப் பகுதியில் வந்த ஒரே வேலை, கதவுக் குறைகளைக் கேட்டுப் பதில் சொல்லும் மேசையில் ஒரு இடம். இன்று மூன்று மணிக்குப் போய் நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

வீட்டில் அவள் சொல்லவில்லை. சொன்னால் மாமனார் "பாப்போம்" என்பார். அந்த வீட்டில் 'பாப்போம்' என்றால் முடியாது என்று அர்த்தம். இன்றைக்கு அவர் மூன்றாம் கட்டடத்தில் ஒரு துஷ்டிக்குப் போயிருந்தார். எடுத்து அடக்கம் முடிந்து வர சாயங்காலம் ஆகிவிடும். இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்று வடிவு கணக்குப் போட்டிருந்தாள்.

"போயிட்டு வாரேன் அத்தே."

"எவ்ளோ நேரமாவும்?" ஆவுடையம்மாள் உள்ளே சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு ரெண்டு மணி நேரம். கீரை வந்திருக்காம், வரிசை நீளமா இருக்கும்."

"சரி. போயிட்டு வா."

கதவு திறக்கவில்லை.

வடிவு காலை மாற்றி நின்றாள். "அத்தே, இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"போயிட்டு வாளா!"

அசையவில்லை.

"நீ ஒழுங்காச் சொன்னியா?"

"சொன்னேன் அத்தே."

ஆவுடையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கதவுக்கு நேரே நின்று, எதிர்க் கட்டடத்து ஆளைக் கூப்பிடுகிற தொண்டையில், "போயிட்டு வா!" என்றாள். சுவரில் மாட்டியிருந்த படம்தான் லேசாக அதிர்ந்தது.

"செவிடாப் போச்சா சனியன்? நகரு, நான் நிக்கேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். இங்கே வந்த மூன்று வருடத்தில் அத்தை தனியாக வெளியே போய் வடிவு பார்த்ததில்லை. எங்கே போனாலும் மாமாவுக்கு இரண்டடி பின்னால்தான் போவாள். "நீ சொல்லு" என்றாள். வடிவு, "போயிட்டு வாங்க அத்தே" என்றாள். கதவு இரண்டு பேரையும் ஒரே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

மாமாவுக்குப் போன் போட்டார்கள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து மணி அடித்தது. துஷ்டி வீட்டில் போய்ப் போன் அலறக் கூடாது என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கதவோரம் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. தீ, மயக்கம், பிரசவம், இந்த மூன்றுக்கும் உள்ளது. அமுக்கினால் கதவு திறக்கும். கூடவே அந்தத் தளம் முழுக்க அலறும். வடிவு அதன்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்தாள். எதிர்வீட்டு ஸ்டெல்லா மதினி ஓடி வந்து "என்னாச்சு?" என்று கேட்டால் என்ன சொல்ல? 'வெளியே போகணும், அதான்' என்றா? இவ்வளவு வருடத்தில் ஒரு பெண்ணும் அதற்காக அந்தப் பொத்தானை அமுக்கியதில்லை. அமுக்கக் கூடாது என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

மணி இரண்டு ஐந்து. சுவர்ப் பேசியில் குறை மேசையைக் கூப்பிட்டாள்.

"வணக்கம், கதவுக் குறை மேசை, ஜெபராஜ் பேசுதேன். தீயா, மயக்கமா, பிரசவமா?"

"ஒண்ணுமில்ல. கதவு திறக்க மாட்டேங்கு."

"அப்ப நிதானமாச் சொல்லுங்க. வீட்டு எண்?"

சொன்னாள். அவன் ஏதோ தட்டிப் பார்த்தான். "கதவு நல்லாத்தான் இருக்கு. உத்தரவுக்கு நிக்கி."

ஆவுடையம்மாள் பேசியை நோக்கிக் குனிந்தாள். "உத்தரவு நான் குடுத்தாச்சே! நாலு தடவை கத்தியாச்சு."

"நீங்க யாரும்மா?"

"நான் யாரா? நல்லாருக்கே கேள்வி! இந்த வீட்டுக்காரி."

"கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் இருங்க, பழைய பதிவை ஓடவிட்டுப் பாக்கேன்." அந்தப் பக்கம் பதிவு வேகமாக ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் அவன் குரல் இறங்கி வந்தது. "அம்மா, நீங்க 'போயிட்டு வா'ன்னு சொன்னதுக்குக் கதவு ஒரு நாளும் திறக்கல."

"என்ன தம்பி உளறுத? தெனம் நான் சொல்லித்தான இவ போறா?"

"நீங்க சொன்னதுக்கு அடுத்தால ஒரு சத்தம் கேக்கு. ஆம்பளைச் சத்தம். 'ம்'னு. அதுக்குத்தான் திறந்திருக்கு."

இரண்டு பேரும் கூடத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் மடித்துவைத்த துண்டு அதன் கையில் அப்படியே கிடந்தது. வடிவுக்கு அந்த 'ம்' நினைவே இல்லை. மின்விசிறிச் சத்தத்தைப் போல அது காதில் விழுந்துகொண்டே இருந்திருக்க வேண்டும்.

"அவுக தொண்டையைச் செருமுவாக" என்றாள் ஆவுடையம்மாள். "அது அவுக பழக்கம்."

"செருமல் இல்லம்மா. ரெண்டே ரெண்டு நாள் நீங்க சொல்லியும் அவர் 'ம்' சொல்லல. அந்த ரெண்டு நாளும் திறக்கல. ஒண்ணு போன தைமாசம் பதினேழு, இன்னொண்ணு இன்னைக்கு."

ஆவுடையம்மாள் முகம் மாறியது. "எங்க அக்கா மக வீட்டுக்கு வளைகாப்புக்குக் கெளம்பின அன்னைக்கு" என்றாள் வடிவிடம். "நீ முன்னால போயி பலகாரத்துக்குக் கை குடுக்கணும்னு உன்னை அனுப்பப் பாத்தேன். கதவு மக்கர் பண்ணுது, இன்னொரு நாளைக்குப் போவோம்னு சொல்லிட்டு அவுக பேப்பர் படிச்சாக." பிறகு பேசியிடம், "யாருய்யா இதை இப்படிச் செஞ்சி வச்சது?" என்றாள்.

"யாரும் செய்யலம்மா. அது யாருக்கும் பரிஞ்சு நிக்காது. வீட்டுல என்ன நடந்துச்சோ அதைப் பாத்துச்சு, அவ்ளோதான். எங்க வீட்டுக் கதவும் எங்கம்மாவுக்குத் திறக்காது. நான் இந்த மேசையில உக்காந்திருந்து என்ன பிரயோசனம் சொல்லுங்க."

மணி இரண்டு பதினைந்து.

"வேற வழியே இல்லையா அண்ணாச்சி?" என்றாள் வடிவு.

"ஒண்ணு இருக்கு. ஆனா அது வேற காரியத்துக்கு வச்ச வழி." அவன் தயங்கினான். "வீட்டுத் தலைவர் இல்லாமப் போயிட்டார்னா..."

"இல்லாமன்னா?"

"தவறிட்டார்னா. அப்ப வீட்டுல அடுத்த மூத்தவங்க அவர் பேரை முழுசாச் சொல்லி, 'இனி நான்'னு சொல்லணும். கதவு அவங்களைத் தலைவரா வச்சுக்கும். அதுக்கப்புறம் ஒரு வருசத்துக்கு எங்களால ஒண்ணும் மாத்த முடியாது. மாத்தணும்னா அதே மாதிரி புதுத் தலைவர் பேரை இன்னொருத்தர் சொல்லணும்."

"நான் சொல்லுதேன்."

"மூத்தவங்கதாம்மா சொல்லணும்."

ஆவுடையம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிக்கொண்டு நாற்பத்தொரு வருடம். கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்குப் புருஷன் பெயர் கேட்டால் மகனை முன்னால் தள்ளுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் அட்டையை நீட்டுவாள். ஒருதடவை அட்டை இல்லாதபோது, சுவாமி பெயர்களாக வரிசையாகச் சொல்லச் சொல்லி, வந்ததும் தலையாட்டினாளாம். சொன்னால் அவர் ஆயுசுக்கு ஆகாது என்று அவள் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். இப்போது அந்தப் பெயரை, அதுவும் செத்தவர்களுக்கு என்று வைத்த வழியில், துஷ்டி வீட்டுக்குப் போயிருக்கிற மனுஷனை நினைத்துச் சொல்ல வேண்டும்.

"அத்தே, நான் கீரைக்குப் போவல" என்றாள் வடிவு. "வேலைக்கு. மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. இந்தக் குறை மேசைக்குத்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"கீரை வாங்க யாராவது கரை போட்ட சேலை கட்டுவாளா? சாயங்காலம் அவுக வந்ததும் சொல்லிப்புடணும்னுதான் இருந்தேன்." அவள் அதை மறைக்கவும் இல்லை, அதற்காக வருத்தப்பட்ட மாதிரியும் இல்லை.

"வேண்டாம் அத்தே. விடுங்க" என்றாள் வடிவு. அப்படிச் சொல்வதுதான் முறை. சொல்லும்போதே, இவள் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுவாளோ என்று அத்தையின் வாயையே பார்த்தாள்.

ஆவுடையம்மாள் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. "தம்பி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்மா."

"அந்த 'ம்' எத்தனை தடவை இருக்கும்?"

"ஆயிரத்து நூத்திச் சொச்சம்."

"நான் சொன்னதுக்கு ஒண்ணுகூட இல்ல?"

"இல்லம்மா."

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். மருமகளுக்காக அவள் எழுந்திருக்கவில்லை. அது வடிவுக்கும் நன்றாகவே தெரிந்தது. ஆயிரத்து நூறு தடவை தன் வீட்டில் தன் சொல் செல்லுகிறது என்று நினைத்திருந்தவள் எழுந்த எழுச்சி அது. கதவைப் பார்த்து வாயைத் திறந்தாள். உதடு கூடிற்று, சத்தம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முயன்றாள்.

"பிரமநாயகம்."

கூவிக் கூவிப் பழகிய அந்தத் தொண்டையிலிருந்து, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லுகிற பிள்ளையின் குரல் வந்தது.

"இனி நான்."

கதவு விலகியது. நடைவழியின் அரைக் குளிரும் பினாயில் வாடையும் உள்ளே வந்தன. ஆவுடையம்மாள் கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. வடிவு செருப்பை மாட்டியபடி, வாய்ப் பழக்கத்தில், "போயிட்டு வாரேன் அத்தே" என்றாள்.

"போ" என்றாள் ஆவுடையம்மாள். வெறும் 'போ' என்று யாரையும் யாரும் அனுப்புவதில்லை.

வேலை கிடைத்தது. ஜெபராஜ் இரவு முறைக்கு மாறிப் போகிறான், அவன் நாற்காலிக்குத்தான் ஆள் எடுத்தார்கள். மறுநாளே வரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பிரமநாயகம் நடைக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டினார். கதவு நின்றது. செருப்பைத் தரையில் தட்டினார். "ஏளா, கதவு மக்கர் பண்ணுது" என்றார்.

அடுப்படியிலிருந்து, "போயிட்டு வாங்க" என்று ஆவுடையம்மாள் குரல் வந்தது. கதவு திறந்தது.

அவர் சற்று நேரம் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனார். மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அன்றிலிருந்து புறப்படும்போது கதவின் முன் நின்று ஒரு தடவை இருமுவார். அவள் "போயிட்டு வாங்க" என்பாள். மருமகளின் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றை மூன்று பேரும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், கூடத்தின் நடுவில் வைத்த பெட்டியைச் சுற்றி நடப்பது போல.

சில நாள் அந்த "போயிட்டு வாங்க" தாமதமாக வந்தது. தாளிப்பு கருகிவிடும் என்று அத்தை அடுப்பைப் பார்ப்பாள், அவர் கதவின் முன் நிற்பார். வடிவுக்கும் அப்படித்தான். எட்டு நாற்பதுக்குப் பையோடு நின்று, "போயிட்டு வாரேன் அத்தே" என்பாள். உள்ளே கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். எண்ணிப் பத்து, பதினைந்து. அப்புறம் குரல் வரும். வேண்டுமென்றுதான் செய்கிறாளா? அதைக் கேட்கவா முடியும்? வடிவு நாள்களை மட்டும் எண்ணினாள். இருபத்தொன்று ஆகிவிட்டால் போதும், எந்தக் குரலுக்கும் நிற்க வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து நாற்பதுக்கு மேசையில் மணி அடித்தது.

"வணக்கம், கதவுக் குறை மேசை. தீயா, மயக்கமா, பிரசவமா?"

"அதெல்லாம் இல்ல. கதவு திறக்கல. முடி வெட்ட நேரம் வாங்கியிருக்கேன், பதினொண்ணுக்கு."

வீட்டு எண் திரையில் வந்துவிட்டது. வராவிட்டாலும் அந்தத் தொண்டையை அவளுக்குத் தெரியும். அவருக்குத்தான் அவள் குரல் தெரியாது என்று நினைத்தாள். இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியது இருபது வார்த்தை இருக்காது. அவருக்கு என்ன வேண்டுமென்றாலும் அத்தையிடம்தான் சொல்வார், அத்தை இவளிடம் சொல்வாள். தவிர, ஜெபராஜைப் போலில்லாமல் மேசைப் பெண்கள் எல்லோரும் எழுத்துத் தமிழ் கலந்துதான் பேசுவார்கள்.

"வீட்டில் வேறு யாரும் இருக்கிறார்களா ஐயா?"

"இல்ல. அவ அக்கா மக வீட்டுக்குப் போயிருக்கா, பிள்ளையப் பாக்க." சற்று நிறுத்தி, "இப்பதான் மொத மொதத் தனியாப் போறா" என்றார்.

அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று வடிவுக்கு மனப்பாடம். வழி ஒன்று இருந்தால் அதைக் கேட்பவருக்குச் சொல்லியாக வேண்டும், பேச்சு முழுவதும் பதிவாகிறது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவர் மூன்று சொல் சொன்னால் போதும். கதவு பழையபடி அந்த 'ம்'முக்குத் திரும்பிவிடும். தலைமை மாறினால் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பத்தொன்பதும் வீண். அத்தை தனியாகப் போவதும் இன்றோடு சரி.

"ஒரு வழி இருக்கிறது ஐயா. தலைவர் தவறிவிட்ட வீடுகளுக்காக வைத்தது. பதிவில் இருக்கும் தலைவர் பெயரை முழுவதும் சொல்லி, 'இனி நான்' என்று சொல்ல வேண்டும்."

"எம்பேரு பிரமநாயகம்."

"பதிவில் வேறு பெயர் இருக்கிறது ஐயா."

"அவ பேரா?"

"ஆமாம் ஐயா."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது. அவர் மூச்சு கேட்டது. வடிவு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த அமைதியை அவள் ஏற்கனவே ஒருதடவை கேட்டிருக்கிறாள். அன்று வேண்டும் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது, இன்று வேண்டாம் வேண்டாம் என்று.

"ஆ..." என்றார். நின்றுவிட்டது. மறுபடி, "ஆ..."

கட்டிவந்த நாள் முதல் அவர் அத்தையை 'ஏளா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். பிறத்தியாரிடம் 'வீட்டுல' என்பார். கடிதாசி எழுதுகிற காலத்தில்கூட மகன் பெயருக்குத்தான் எழுதினாராம்.

"வாயில வரலம்மா" என்றார் கடைசியில். "இருக்கட்டும். அவ வரட்டும், போய்க்கிடுதேன்."

"சரி ஐயா."

அவர் வைக்கவில்லை. செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்:

"காலையில நீ சாப்பிடாமப் போயிட்டியாமே. அவ சொல்லிட்டிருந்தா."

வடிவுக்குப் பதில் வாய்வரை வந்தது. மேசைக்கு எதிரே தகவல் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவு ஓடுகிறது. மேசையில் இருக்கும் பெண்கள் வீட்டுப் பேச்சுப் பேசுவதில்லை. அப்படி ஒரு விதியை யாரும் அவளிடம் சொன்னதில்லை. பக்கத்து நாற்காலிக்காரிகள் யாரும் பேசி அவள் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"வேறு ஏதாவது குறை உண்டா ஐயா?" என்றாள்.

"இல்ல" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

படிவம் திரையில் வந்து நின்றது. 'பழுதின் தன்மை' என்ற இடத்தில் கதவில் பழுது இல்லை என்று நிரப்பினாள். அடுத்த மணி அடித்தது.